ஒரு உழக்கு உளுந்தஞ்சோறு

செப்டம்பர் 2, திங்கள்

இன்று முதல் எழுதப் போகிறேன். ஜெபாவின் உத்தரவு. "அக்கா, என்ன தூக்குதீங்க, அதுக்கு மேல என்ன சாப்பிடுதீங்க, எல்லாம் நோட்டுல இருக்கணும். நீங்க வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்றாள். ஜெபசெல்வி என் ஜிம் மாஸ்டர். வயது இருபத்தேழு. நாற்பத்திரண்டு வயது அங்கன்வாடி டீச்சரை இந்த மிரட்டு மிரட்டுகிறாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. நோட்டின் பின்பக்கம் கணக்கு, அது ஜெபாவுக்கு. முன்பக்கம் எனக்கு. அவள் முன்பக்கத்தைத் திறந்தால் கையை ஒடிப்பேன்.

விஷயம் இதுதான். அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாவட்ட டெட்லிஃப்ட் போட்டி. தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள், அறுபத்து மூன்று கிலோ எடைப் பிரிவு. போன வருடமும் இதே பிரிவில்தான் பெயர் கொடுத்தேன். எடை குறைய வேண்டுமே என்று மூன்று நாள் பட்டினி கிடந்தேன். மேடையில் கம்பியைத் தொட்டதும் கண் இருட்டியது. கம்பி மேலேயே குப்புற விழுந்தேன். எவனோ புண்ணியவான் அதை வீடியோ எடுத்தான். பாளையங்கோட்டையில் அது போகாத போன் கிடையாது. என் சென்டரில் நாலு வயது வாண்டு ஒன்று, "டீச்சர், இன்னொரு தடவ விழுங்க" என்று கேட்டது.

இந்த வருடம் விழக் கூடாது. தூக்கி, நிமிர்ந்து, இறக்கி வைத்துவிட்டு, என் காலால் நடந்து மேடையை விட்டு இறங்க வேண்டும். இப்போதைக்கு இந்த உலகம்மாளுக்கு வேறு எதுவும் முக்கியமில்லை.

பிள்ளைகள் வருமுன் சென்டர் எடை மிஷினில் ஏறினேன். 66 கிலோ 200. மூன்று கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். சாயங்காலம் ஜிம்மில் 95 கிலோ தூக்கினேன். அம்பாசமுத்திரத்து ஸ்டெல்லா டீச்சர் போன வருடம் 107.5 தூக்கி முதல் பரிசு வாங்கினாள். நான் 110 தூக்குவதாக ஜெபாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஜெபா சீட்டு எழுதித் தந்தாள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நாலு முட்டை வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கப் சோறு. "தூக்குறப்போ தசை லேசா கிழியும்க்கா. அப்புறம் தச்சாத்தான் பலமாகும். தைக்க நூல் வேணும்லா? அதான் புரோட்டீன். சோறு எதுக்குன்னா, தைக்கிற ஆளுக்குக் கூலி" என்றாள். நான் தாய்மார்களுக்கு வகுப்பெடுக்கும்போது இப்படி ஒரு வார்த்தை எனக்குத் தோன்றியதே இல்லை. திருடிக்கொள்ளப் போகிறேன்.

ஒரு அட்டை வாங்கி வந்தேன். முப்பது முட்டை! அடுக்களையில் வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

என் வாயில் நன்றாக வருகிறது. எழுத மாட்டேன்.

வீட்டுக்காரர் மாலை போட்டுவிட்டார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு. கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவை கூடப் போடாத மனுசர், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை உண்டு தான் உண்டு என்று இருந்தவர், இன்று கோயிலுக்குப் போய்க் கழுத்தில் மாலையோடு வந்து நிற்கிறார்.

"என்னங்க இது, திடீர்னு?"

"தோணிச்சு."

"எனக்குப் போட்டி இருக்கது தெரியும்லா?"

"தெரியும்."

"என்ன வேண்டுதல்?"

"அதை வெளிய சொல்லக் கூடாதுட்டி."

இனிமேல் வீட்டுக்குள் முட்டை, மீன், கறி எதுவும் நுழையக் கூடாது. தனிப் பானை. தன் கையாலேயே பொங்க வேண்டும். பச்சரிசி, ஒரு நாளைக்கு ஒரே வேளை. அதிலும் இவர் அம்மன் முன்னால் அளவு வேறு சொல்லிவிட்டாராம். ஒரு உழக்கு. கால் படி, அதற்கு மேல் ஒரு மணி கூடாதாம். கரடி வேடம் போடுகிறாராம். கரடி! பத்து நாள் கரடியாக ஊர் சுற்றிக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும்.

முப்பது முட்டையையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் இரவுக்கே ஆம்லெட் போட்டுவிட்டார்கள். மணம் சுவரைத் தாண்டி வந்தது. அழுதேன், ஆமாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

வேடம் தைக்கும் டெய்லர் வீட்டுக்கு வந்து இவருக்கு அளவெடுத்தார். இடுப்பு முப்பத்தெட்டு. சென்டரில் மின்விசிறி சுற்றவில்லை என்று இவரைக் கூப்பிட்டிருந்தேன். வந்தவரைச் சும்மா விடுவேனா, மிஷினில் ஏற்றினேன். 71 கிலோ. "கரடிக்கு ஏத்த உடம்புதான்" என்றேன். சிரித்தார். எனக்குக் கோபம் குறையவில்லை.

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. பிரமாதமான யோசனை. நானும் ஒருபொழுது இருந்தால் என்ன? மத்தியானம் மட்டும் சாப்பாடு. எடையும் இறங்கும், அம்மனும் சந்தோஷப்படுவாள். ஜெபாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

65 கிலோ 100!! மூன்றே நாள்! மிஷினை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். உதவியாளர் சொர்ணம் அக்காவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். அவர் கையிலிருந்த கரண்டி போய் விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

செப்டம்பர் 11, புதன்

64.600. ஆனால் 90 கிலோ அசையவில்லை. திங்கட்கிழமை செய்த பயிற்சிக்குத் தொடை இன்னும் வலிக்கிறது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் ஜெபா. கொண்டைக்கடலைச் சுண்டல் என்றேன். பின்பக்கத்திலும் அப்படியே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

80 கிலோ. வெறும் 80. பாதியில் காது அடைத்தது. கம்பியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஜெபா தண்ணீர் கொடுத்தாள். பிறகு கொடுத்தாள் பாருங்கள் ஒன்று, ஜிம்மே நின்று கேட்டது. "சுண்டல் சாப்பிட்ட மூஞ்சியா இது? மூணு கிலோ குறைக்கச் சொன்னா எதைக் குறைக்கீங்க? கொழுப்பையா? வேலை வாங்கிட்டு உடம்புக்குச் சோறு போடலன்னா அது தசையைத்தான் தின்னும். நீங்க எடையைக் குறைக்கலக்கா, பலத்தைக் குறைக்கீங்க. போன வருசம் வீடியோ பத்தலயா?"

அவள் போன் செய்து இவர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். மாலையும் கழுத்துமாக வாசலிலேயே நின்றார். என்னைத் திட்டவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஜெபாவும் அவரும் ஸ்கூட்டர் பக்கத்தில் பத்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேச்சு என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை வீட்டு மோட்டார் ரிப்பேராம்" என்றார்.

சரி. இனிமேல் ஜிம் முடிந்ததும் சாப்பிட வேண்டும். சத்தியம்.

ஏழு மணிக்குச் சோற்றுச் சட்டி முன்னால் உட்கார்ந்தேன். கை போகவில்லை. இந்த நேரத்தில் தின்றால் நாளைக்கு மிஷின் என்ன சொல்லுமோ? மூடி வைத்துவிட்டேன். பின்பக்கத்தில் "சாப்பிட்டேன்" என்று எழுதியாயிற்று.

செப்டம்பர் 14, சனி

இந்த மனுசருக்கு என்ன ஆயிற்று? ஊரில் விரதம் இருக்கிறவர்களெல்லாம் மத்தியானம் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். இவர் இன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பொங்குவாராம். நான் ஜிம்மிலிருந்து வியர்த்து விறுவிறுத்து நுழைகிறேன், வீடே மணக்கிறது. உளுந்தஞ்சோறு! தொலியோடு கறுப்பு உளுந்தும் பச்சரிசியும் தேங்காயும் பூண்டும் போட்டுக் குழையப் பொங்கி, பக்கத்தில் எள்ளுத் துவையல், ஒரு செம்பு மோர். இது வரை வெறும் சோறுதான் பொங்கினார், இப்படிச் சமைத்து நான் பார்த்ததே இல்லை.

"நான் சாப்பிட்டாச்சு. இது மிச்சம், நீ சாப்பிடு."

"எனக்கு வேண்டாம்."

"விரதச் சோறுட்டி. மிச்சம் வைக்கக் கூடாது, கீழ கொட்டக் கூடாது, வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. நீதான் சாப்பிடணும். அம்மன் குத்தம் ஆயிரும்."

அம்மன் குற்றம் என்று சொன்ன பிறகு நான் என்ன செய்வது? உட்கார்ந்தேன். முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிவிட்டேன். துவையலைத் தொட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன். நாளைக்கு மிஷினில் ஏறப் பயமாக இருக்கிறது. ஆனால் ஆஹா, என்ன ருசி!

செப்டம்பர் 16, திங்கள்

64.500. ஏறவில்லை!! இரண்டு நாள் ராத்திரிச் சோறு தின்றும் ஏறவில்லை! தொடை வலி போன இடம் தெரியவில்லை. ஜிம்மில் 95 கிலோ, காற்று மாதிரி வந்தது. ஜெபா விசில் அடித்தாள்.

செப்டம்பர் 18, புதன்

இன்றும் மிச்சம். இவருக்கு அளவு தெரியவில்லை என்றால் அதுவும் இல்லை, ஒரு உழக்கைத் தலை வழித்துத்தான் அளக்கிறார், நானே பார்த்தேன். அந்தச் சின்னப் பானையில் எவ்வளவுதான் பிடிக்கும்? ஆனாலும் தினம் எனக்கு ஒரு தட்டு நிறைய வந்துவிடுகிறது. பக்தி வந்தால் பசி போய்விடும் போலிருக்கிறது. "என்னங்க, சரியா சாப்பிட்டியளா?" என்று ஒப்புக்குக் கேட்டேன். "வயிறு திம்முனு இருக்கு" என்றார்.

இன்று பச்சைப்பயறும் அரிசியும். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். இதையெல்லாம் எங்கே கற்றார்?

செப்டம்பர் 20, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மீல்மேக்கர் உருண்டை வாங்கி, வெந்நீரில் ஊறப் போட்டு, மிளகு போட்டு வறுத்துக்கொண்டிருந்தேன். இவருடைய தசராக் குழுத் தலைவர் ராஜதுரை அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"மதினி! மாலை போட்ட வீட்டுல கறியா!"

"அண்ணாச்சி, இது சோயா. பயறுதான்."

"பயறு எதுக்கு மதினி கறி மாதிரி இருக்கு?"

உருண்டையைப் பிய்த்துக் காட்டினேன். எலும்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே வந்தார். போகும்போது இவரைப் பார்த்து, "வள்ளிநாயகம், உடம்பைப் பாத்துக்கடே" என்றார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், இவர் முறைத்தார். அவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 21, சனி

ஜெபா ஜிம் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பாதிக்குப் பாதி பயறு போடுங்க, இருபது கிராம் புரோட்டீன் வந்துரும். மோர் மறக்காதீங்க" என்று. என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். யாருக்கோ சமையல் சொல்லிக் கொடுக்கிறாள். கல்யாணம் கில்யாணம் நிச்சயமாகியிருக்குமோ? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள், கள்ளி.

செப்டம்பர் 24, செவ்வாய்

102.5!!!

நூற்றிரண்டரை! என் வாழ்க்கையிலேயே இது வரைக்கும் நூறைத் தாண்டியதில்லை! கம்பியை வைத்ததும் நான் போட்ட கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எடை 63.900. இரண்டும் ஒரே நேரத்தில்! கொழுப்பு இறங்குகிறது, பலம் ஏறுகிறது. ஜெபா சொன்னபோது விளம்பரம் மாதிரி இருந்தது. இப்போது என் சொந்த உடம்பிலேயே நடக்கிறது. சென்டர் தாய்மார்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். "வேலை செஞ்சு களைச்சு வந்தா முதல்ல சாப்பிடணும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை இல்ல" என்றேன். நூல், தையல், கூலி எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள்.

இவரிடம் சொன்னதும் என் தலையில் கை வைத்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார், இரண்டாவது ஓட்டை. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வியர்வை சிந்துவது நான், இளைப்பது இவரா! ஒரு தண்டால் எடுத்திருப்பாரா? "உங்க ரகசியத்தை எனக்கும் சொல்லுங்க" என்றேன். "அம்மன்" என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

சென்டரில் முட்டை நாள். நாற்பத்தெட்டு முட்டை அண்டாவில் குதிக்கிறது. உரித்து உரித்துப் பிள்ளைகள் தட்டில் வைத்தேன். வழுவழுவென்று அது கைக்குள் உருளும்போது, ஐயோ. எண்ணி வந்தது, எண்ணிக் கொடுத்தேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "அம்மா, சூப்பரா இருக்க!" என்றாள். பிறகு, "அப்பாவுக்கு என்னம்மா, கன்னம் ஒட்டிப் போச்சு?" என்றாள். விரதம் என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

63.400. ஐந்து நாள் இருக்கிறது. நானூறு கிராம்.

இன்று வீட்டில் சண்டை. எழுதத்தான் வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ஐந்து நாள் மட்டும் சாயங்காலச் சோற்றை விட்டுவிட்டால் சுலபமாக இறங்கிவிடும் என்று தோன்றியது. இவர் தட்டை நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார்.

"அம்மன் குத்தமானா நான் பாத்துக்கிடுதேன். ஒரு கிராம் கூடினாலும் என்னை வெளிய அனுப்பிருவாவ. ஊரே சிரிக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார். "கீழ கிடந்தவளைத் தூக்குனது நான்தான். தலை தொங்கிட்டு. எத்தனை தடவ கூப்பிட்டும் நீ கண்ணைத் திறக்கல. எனக்குத் தெரியும்."

ஒரு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை. தட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவ்வளவு கோபம். நான் வாங்கிச் சாப்பிட்டேன். அழுகையோடு சாப்பிட்டதில் உப்பு கூடுதலாகத் தெரிந்தது.

அக்டோபர் 3, வியாழன்

63.100. சாப்பிட்டும் இறங்குகிறது! குலசையில் கொடி ஏறிவிட்டது. இவர் காப்புக் கட்டிக்கொண்டு குழுவோடு போய்விட்டார். இனிப் பத்து நாள் ஊருக்கு வெளியே, மூன்று மைல் தள்ளி, அவர்கள் போட்டிருக்கும் குடிசையில்தான் தங்கல். அப்பாடா, மிச்சச் சோற்றுத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஏழு மணிக்கு ராஜதுரை அண்ணாச்சி தூக்குச்சட்டியோடு வாசலில்.

"என்ன அண்ணாச்சி?"

"மிச்சம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மூன்று மைல் தள்ளியிருந்துமா மிச்சம்? நானே சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது.

அக்டோபர் 5, சனி

62.800. தூக்குச்சட்டி வந்தது. சாப்பிட்டேன். நிஜமாகவே சாப்பிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கம்பி பிடித்த கை, எழுத்து கோணலாக இருக்கும். பரவாயில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு எடை பார்த்தார்கள். 62.700. "பாஸ்" என்றார் அந்த அம்மாள். வெளியே வந்ததும் ஜெபா தயிர்ச்சோறும் வாழைப்பழமும் நீட்டினாள். யாரும் சொல்லாமலே வாங்கிச் சாப்பிட்டேன். அவள் தன் நெஞ்சில் கை வைத்து, "அக்கா, எனக்கு இப்பவே கப் வாங்குன மாதிரி இருக்கு" என்றாள்.

பத்தரைக்கு எங்கள் பிரிவு. மேடையில் கால் வைத்ததும் கூட்டத்தில் எவனோ, "ஏய், விழுந்த டீச்சர்லா!" என்றான். காது சுட்டது. ஆளுக்கு மூன்று தடவை தூக்கலாம். முதல் தடவை 95, வெள்ளை விளக்கு மூன்றும் எரிந்தன. அப்படியென்றால் சரியாகத் தூக்கியாயிற்று என்று அர்த்தம். என் காலால் நடந்து இறங்கினேன்! அங்கேயே பாதிப் போட்டி முடிந்துவிட்டது எனக்கு. இரண்டாவது 105. அதுவும் வெள்ளை. ஸ்டெல்லா டீச்சர் இந்த வருடமும் 107.5 தூக்கிவிட்டாள். எனக்கு மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு, 110.

அப்போதுதான் அரங்கத்து வாசலில் ஒரே சிரிப்பும் சத்தமும். மேளத்தோடு தசராக் குழு வந்திருந்தது. கிருஷ்ணர், இரண்டு போலீஸ், ஒரு குறத்தி, நடுவில் ஒரு கரடி. மேளத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கரடி மட்டும் முன்னால் வந்தது. கறுப்பு உடுப்பு அதன் மேல் தொளதொளவென்று தொங்கியது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது, விட்டால் அவிழ்ந்துவிடும். "ஏலே, கரடி சாப்பிட்டு எத்தன நாளாச்சோ!" என்று கூட்டத்தில் கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு எனக்குச் சிரிப்பு நின்றது. டெய்லர் அளவெடுத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். முப்பத்தெட்டு.

கரடி தலையைக் கழற்றியது. தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் இதுவரைக்கும் நான் பார்க்கவில்லை. கன்னத்தில் குழி. கழுத்து எலும்பில் மாலை தனியாகத் தொங்குகிறது. நான் ராஜதுரை அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இவியளுக்கு என்ன? உள்ளதைச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் மதினி."

"இப்ப நீங்க சொல்லல, நான் மேடை ஏற மாட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு உழக்குன்னா ஒரு ஆளுக்குத்தான் மதினி. மிச்சம் எங்கேருந்து வரும்? மொதல்ல உங்க பாதியை எடுத்து வச்சிட்டுத்தான் அவன் உக்காருவான். 'அளவு கூட்டிக்கடே'ன்னேன். அம்மன்கிட்ட சொன்ன அளவை மாத்தக் கூடாதுன்னுட்டான். 'அவளுக்குச் சும்மா குடுத்தா சாப்பிட மாட்டா, மிச்சம்னு சொன்னாத்தான் சாப்பிடுவா'ன்னான்."

"வேண்டுதல்?"

"அதான் வேண்டுதலே. நீங்க பசியோட மேடை ஏறக் கூடாதுன்னு."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்தான் கொடுப்பார்கள். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கைக்கு மாவு பூசிக்கொண்டேன். குனிந்து கம்பியைப் பிடித்தேன். எனக்கு வந்தது பலம் இல்லை, கோபம். இருபத்திரண்டு நாள் இந்த மனுசர் என்னை ஏமாற்றியிருக்கிறாரே! பெல்ட் ஓட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனே! கை நடுங்கியதைக் கோபம் என்று எழுதினேனே! கம்பி தரையை விட்டுக் கிளம்பியது. முழங்காலில் நின்றுவிட்டது. "உலகு!" என்று ஒரு சத்தம், கரடியின் சத்தம். இழுத்தேன். நிமிர்ந்தேன். தோள் பின்னால் போனது. நடுவர் கையை இறக்கும் வரை நேராக நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வெள்ளை.

அரங்கம் கத்தியது. ஜெபா அழுதாள். ஸ்டெல்லா டீச்சர் வந்து கட்டிக்கொண்டாள். நான் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கரடியிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எடை பார்க்கும் அறைக்குப் போனேன். "அம்மா, இது போட்டியாளருக்கு மட்டும்" என்றார்கள். "ஒரே நிமிஷம்" என்றேன். என் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். உடுப்பைக் கழற்றச் சொல்லி, பனியன் வேட்டியோடு மிஷினில் ஏற்றினேன்.

63 கிலோ 100.

எழுபத்தொன்றிலிருந்து. எனக்கு மூன்றரை கிலோ குறைந்ததற்கு ஊரைக் கூட்டியிருக்கிறேன். இவர் எட்டு கிலோ குறைந்து வாயைத் திறக்கவில்லை.

"நூறு கிராம் கூட இருக்கு" என்றேன். "எங்க பிரிவுல சேக்க மாட்டாவ."  ஒட்டிப்போன அந்த நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், ஓவென்று அழுதேன். "ஏட்டி, காப்புக் கட்டியிருக்கேன், தொடக் கூடாது" என்றார். ஆனால் விலகவில்லை.

சாயங்காலம் ஜெபாவைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். "அண்ணன் பாதிதான் சாப்பிடுதாங்கன்னு எனக்குச் சத்தியமா தெரியாதுக்கா. வீட்டுல பயறு எப்படிப் போடணும்னு மட்டும்தான் கேட்டாங்க" என்றாள். பாவம், அவளும் ஏமாந்தவள்தான்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று என் கணக்கு. குடிசைக்குப் போனேன். இவர் ஒரு உழக்கு பொங்கி இறக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். முழுப் பானையும் அவர் தட்டில். "மிச்சம்..." என்று ஆரம்பித்தார். "நான் வீட்டுல பயறும் சோறும் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு பருக்கை கூட எனக்கு வேண்டாம்" என்றேன். கடைசிப் பருக்கை வரைக்கும் பார்த்திருந்து, பானையைக் கவிழ்த்துச் சரிபார்த்துவிட்டு வந்தேன். போலீஸ் வேடம் போட்ட இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்துவிட்டார். வீடு வந்துவிட்டார். மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கினார். மூன்றாவது நான் கேட்காமலே வைத்தேன். புரட்டாசி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அது வரை முட்டைக்குப் பொறுக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி ஒன்று. காலையிலேயே கடை வாசலில் நின்று ஒரு அட்டை வாங்கினேன். சேலத்தில் டிசம்பரில் மாநிலப் போட்டி, இன்றிலிருந்து பயிற்சி மறுபடி ஆரம்பம். ஜெபா புதுச் சீட்டு கொடுத்திருக்கிறாள், 115 கிலோ என்று மேலே சிவப்பில் எழுதி.

ஏழு மணிக்கு வியர்வையோடு வந்து எட்டு முட்டை அவித்தேன். என் நாலைத் தின்றேன். சொர்க்கம்! மீதி நாலையும் உரித்து, மிளகு உப்புத் தூவி, அவர் முன்னால் தட்டை வைத்தேன்.

"எனக்கு எதுக்குட்டி? கம்பி தூக்குறது நீதான்."

"கூட அவிச்சிட்டேன். மிச்சம்."

"நாளைக்கு வச்சுக்க."

"மிச்சம் வைக்கக் கூடாது, கீழ கொட்டக் கூடாது, வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. நீங்கதான் சாப்பிடணும்."

 அவர் ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டார், பழக்க தோஷம், ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன். முழுசாகச் சாப்பிட்டார். அவருக்கு இன்னும் இரண்டு அவிக்கப் போகிறேன்.